அழைப்பு தமிழில், எச்சரிக்கை எம்மொழியில்?

தோழரே!

சாரல் காலத்துக் குற்றாலத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனி பிறந்து, மலைமுகட்டிலே முகில் கவிந்து, தென்காசியைத் தாண்டும்போதே ஈரக்காற்று முகத்தைத் தடவத் தொடங்கிவிட்டால் போதும். ஊர் ஊராக மக்கள் புறப்பட்டு வந்துவிடுகிறார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் – எங்கு நோக்கினும் தலைகள்! மாளிகையிலிருந்து வந்தவனையும் மண்குடிசையிலிருந்து வந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே நீரால் இருவர் தலையிலும் ஓங்கி அடிக்கிறதே அருவி, அதைவிடச் சமத்துவம் போதிக்கும் ஆசான் உண்டா!

ஆனால் அருவிக்கரையை விட்டுக் கடைத்தெருவில் காலடி வைத்ததும் அந்தச் சமத்துவம் கலைந்துவிடுகிறது. அங்கே, கையிலுள்ள பொருளைப் படித்தறிய முடிந்தவர், முடியாதவர் என இரண்டு சாதி! முடியாதவர் என்று நான் குறிப்பிடுவது எழுத்தறியாத ஏழையை மட்டும் அல்ல. தமிழைத் தடங்கலின்றிப் படிப்பவர், தலையங்கம் முதல் தந்திச் செய்திவரை நாள்தோறும் ஏட்டில் பார்ப்பவர் – அவரும் அந்தச் சாதியிலேதான் சேர்க்கப்பட்டிருக்கிறார். எப்படி என்று கேட்கிறீர்களா? கண்ணால் கண்டதையே கூறுகிறேன்.

சென்ற சாரலின்போது, ஐந்தருவிச் சாலையோரம் ஒரு கல்லின்மீது அமர்ந்திருந்தார் ஒரு பெரியவர். ஆலங்குளம் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டிய வயது. கையிலே ஒரு சிறு புட்டி. புட்டியின் முகப்பிலே, பச்சிலைப் படங்களுக்கு நடுவே, கொட்டை எழுத்திலே, நல்ல தமிழிலே, மூன்றே நாளில் முட்டுவலி பறந்துவிடும் என்ற உறுதிமொழி! மேலே மூடி, மூடியை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறை. பெரியவர் நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார், வேட்டி முனையால் பற்றித் திருகினார். மூன்று சுற்றிலும் வெற்றி புட்டிக்கே! வலிக்கிற மூட்டுக்கு மருந்து வாங்கியவர், வலிக்காத விரலுக்கும் வலி தேடிக்கொண்டதுதான் மிச்சம்.

"தம்பி, இதைக் கொஞ்சம் திறந்து தாருங்களேன்" என்றார். சாவியின் முனையால் உறையைக் கிழித்துத் திறந்து கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்தவர், அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதைத் தேய்க்கணுமா தம்பி, குடிக்கணுமா?"

திடுக்கிட்டுப் போனேன், தோழரே! புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்திலே, கடுகிலும் சிறிய எழுத்திலே, ஆங்கிலத்திலே அச்சிட்டிருந்தார்கள்: வெளிப்பூச்சுக்கு மட்டுமே; கண்ணில் படக்கூடாது; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

"தேய்க்கத்தான் அண்ணாச்சி. வாயிலே வைத்துவிடாதீர்கள். இதோ எழுதியிருக்கிறது" என்று காட்டினேன். அவர் புட்டியைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு சிரித்துக்கொண்டே கூறினார்:

"நானும் படிச்சவன்தான் தம்பி. முன்னால உள்ளதைப் படிச்சுத்தான் வாங்கினேன். பின்னால உள்ளது நமக்கு இல்லை போலிருக்கு!"

பின்னால் உள்ளது நமக்கு இல்லை! எத்தனை எளிய வாசகம். எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு! ஆசை காட்டும்போது தமிழ். ஆபத்தைச் சொல்லும்போது ஆங்கிலம். பணத்தைக் கேட்கும்போது அவருடைய தாய்மொழி. பாதுகாப்பைக் கூறும்போது அவருக்குப் புரியாத மொழி. இதுதான் இன்றைய வணிகத்தின் முறை. இதை மாற்றியாக வேண்டும் என்பதே நான் உங்கள்முன் வைக்கும் வழக்கு.

"நாட்டிலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, புட்டியையும் பொட்டலத்தையும் பற்றியா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும்! வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கொரு முறை. தேர்தல் ஐந்தாண்டுக்கொரு முறை. பொட்டலமோ காலையில் பால், நண்பகலில் எண்ணெய், மாலையில் பிள்ளைக்குப் பிஸ்கட், இரவில் மாத்திரை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைகிறது. நாள்தோறும் நுழைவது நல்லவனா கெட்டவனா என்று கேட்பது வீட்டுக்காரனின் உரிமையல்லவா?

முதலில் உறையை எடுத்துக்கொள்வோம். உறை வேண்டாமென்று நாம் கூறவில்லை. திறக்கப்படாத முத்திரை, இடையிலே கலப்படம் நுழையவில்லை என்பதற்குச் சான்று. சிறு உறையிலே ஷாம்பூவை அடைத்து, புட்டி வாங்கப் பணமில்லாதவனும் ஒரு வேளைக்கு வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கிய முன்னோடி ஒரு தமிழர், கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்தச் சிற்றுறை ஏழைக்குச் செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. அருவியோரமும் ஆற்றோரமும் இன்று மலைமலையாகக் கிடக்கும் குப்பையும் அதுவே என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

அந்த உறை ஏன் கிழிய மறுக்கிறது? அது ஒற்றைத் தாள் அன்று. ஈரமும் காற்றும் ஒளியும் புகாதிருக்க, இரண்டு மூன்று மென்தகடுகளை அடுக்காக ஒட்டிச் செய்தது. இழுத்தால் நீளும், எளிதில் கிழியாது. ஆனால் விளிம்பிலே ஒரு சிறு வெட்டு இருந்துவிட்டால், இழுக்கும் விசை முழுதும் அந்த முனையிலே குவிந்து, குழந்தையின் விரலுக்கும் வழிவிட்டுவிடும். ஒரு சிறு வெட்டு! உறையை வெட்டி ஒட்டுகிற பொறியே அதையும் இட்டுவிடும். அதை இடாமல் விடுவதற்கும், இட்டும் வேலை செய்யாதபடி விடுவதற்கும் காரணம் அறிவியல் அல்ல, அக்கறையின்மை. விற்று முடித்தபின் பிரித்தால் என்ன, பிரிக்காவிட்டால் என்ன என்ற எண்ணம்! வாங்குகிறவரின் கையைப் பற்றிக் கவலைப்படாத அதே எண்ணம்தான், வாங்குகிறவரின் கண்ணைப் பற்றியும் கவலைப்படாமல், எச்சரிக்கையைக் கடுகெழுத்தாக்கிக் கடைசி மூலைக்குத் தள்ளுகிறது.

உறை விரலைத்தான் காயப்படுத்தும். உறைமேல் எழுதப்பட்ட பொய்யோ உயிரையே தொடும்.

பொய்யைத் தடுக்கச் சட்டமே இல்லையா? உண்டு. 1954-ஆம் ஆண்டிலேயே, மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரங்களைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் முதலான 54 நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யாதே, மீறினால் சிறை என்று அது கூறுகிறது. 70 ஆண்டுகளுக்குமேல் உருண்டோடிவிட்டன. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. சர்க்கரையை விரட்டும் சூரணம் சாலையோரத்திலே இருக்கிறது!

2024-ஆம் ஆண்டு பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. நாளேடுகளில் மன்னிப்பு வெளியிட்டுவிட்டோம் என்று நிறுவனம் கூறியபோது, நீதிபதிகள் கேட்ட கேள்வி, நீங்கள் முன்பு செய்த விளம்பரங்களின் அளவுக்கு இந்த மன்னிப்பும் இருந்ததா என்பது. அருமையான கேள்வி! பொய் எந்த அளவில் வந்ததோ, மெய்யும் அந்த அளவில் வரவேண்டும். நான் அந்தக் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன்: ஆசை எந்த மொழியில் வந்ததோ, எச்சரிக்கையும் அந்த மொழியில் வரவேண்டாமா?

அதே ஆண்டு ஜூன் திங்களில், செறிவூட்டிய சாற்றைத் தண்ணீரில் கரைத்து அடைத்துவிட்டு '100 விழுக்காடு பழச்சாறு' என்று எழுதக்கூடாது என, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் ஆணையிட்டது. அதற்கு முன்பாக ஏப்ரலில், 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பின்கீழ் போர்ன்விட்டா போன்றவற்றை விற்காதீர்கள் என்று, இணையவழி வணிகர்களுக்கு ஒன்றிய அரசு அறிவுரை அனுப்பியது. எத்தனை தாய்மார்கள், எத்தனை ஆண்டுகள், அந்தச் சொல்லை நம்பி, கூலிப் பணத்திலே மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தார்கள்!

இவற்றிலெல்லாம் கொடியது ஒன்று உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு, உடலின் நீர் வற்றும்போது உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அளவுதான் அங்கே மருந்து. சர்க்கரை மிகுந்தால், குடலுக்குள் நீர் மேலும் இழுக்கப்பட்டு, போக்கு அடங்குவதற்கு மாறாகப் பெருகும். இத்தகைய உயிர்காக்கும் பெயரைத் தங்கள் இனிப்புப் பானத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு விற்றன சில நிறுவனங்கள். ஆணையம் என்ன செய்தது? இது உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அன்று என்று ஒரு குறிப்பு அச்சிட்டால் போதும் என 2022-இல் இணங்கியது!

குறிப்பு! எந்த மொழியில் இருந்தாலும் போதும். ஆங்கிலத்தில் இருந்தாலே போதும்! நள்ளிரவிலே துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை வாயிலில் நிற்கும் தாய், பெட்டியைத் திருப்பி, ஆங்கிலக் குறிப்பைத் தேடி, படித்துப் பொருளறிந்து, பிறகு வேண்டாமென்று திருப்பிக் கொடுப்பாளாம்! குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடியபின், 2025 அக்டோபரில்தான் அந்த இணக்கம் திரும்பப் பெறப்பட்டது. பின்னால் உள்ளது நமக்கு இல்லை என்றாரே பெரியவர், அந்த வாசகத்தின் விலை எவ்வளவு என்று இப்போது தெரிகிறதல்லவா?

சரி, தமிழில் எழுதாதது வணிகனின் குற்றம் மட்டுந்தானா? இல்லை தோழரே. சட்டமே அவனுக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. பொதியப்பட்ட பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளைப் பாருங்கள். உணவுப் பொருள்களின் முகப்புச் சீட்டுக்கான 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் பாருங்கள். பெயர், எடை, விலை, சேர்மானம், கெடு நாள் ஆகியவை தேவநாகரி எழுத்திலான இந்தியில் இருக்கலாம், அல்லது ஆங்கிலத்தில் இருக்கலாம். தமிழ்? கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்குத் தடையில்லை!

தடையில்லையாம்! தமிழ்நாட்டிலே, தமிழன் பணத்திலே, தமிழன் வயிற்றுக்குள் போகும் பண்டத்தின்மீது தமிழ் இருப்பதற்குத் தடையில்லை என்கிறது சட்டம். எவ்வளவு பெருந்தன்மை! தனி இந்தியில் அச்சிட்ட பொட்டலம் ஒன்று தென்காசிக் கடையிலே தொங்கினால், விதிப்படி அது குற்றமற்றது. தனித் தமிழில் அச்சிட்டு, ஆங்கிலமும் இந்தியும் இல்லாத பொட்டலமோ, விதிப்படி குற்றமுள்ளது. கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருக்கவேண்டும் என்று நம் மாநில விதி கூறுகிறது. கடைக்குள்ளே தொங்கும் பொருளின்மீதோ நம் மாநிலத்தின் ஆட்சி செல்லவில்லை.

ஏன் செல்லவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. எடையும் அளவும், அவற்றின் தரத்தை நிறுவுவது நீங்கலாக, மாநிலப் பட்டியலிலே இருந்த பொருள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம், கல்வியையும் காட்டையும் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனபோது, இதையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. கல்வி போனது பற்றிப் பேசினோம், இன்றும் பேசுகிறோம். தராசும் போயிற்று, அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மக்கள் மொழியில் எச்சரிக்கை தருவது நடவாத காரியமா? நடந்துகொண்டிருக்கும் காரியம்! சான்றுக்குத் தொலைதூரம் போகவேண்டாம். தென்காசி வட்டாரத்தின் வீட்டுத் திண்ணைகளில், தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றுகிறார்களே பீடி, அதன் கட்டைப் பாருங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு தெளிவாகக் கூறுகிறது: கட்டின்மீது எந்த இந்திய மொழி இருக்கிறதோ, அந்த மொழியிலேயே எச்சரிக்கையும் இருக்கவேண்டும். எந்த மொழியில் அழைக்கிறாயோ, அந்த மொழியில் எச்சரி! இதைவிட நேர்மையான நெறி வேறென்ன வேண்டும்? 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளோ, மருந்தோடு வைக்கும் துண்டறிக்கை அந்தந்த வட்டார மொழியிலும் இருக்கவேண்டும் என்கின்றன. பீடிக்கும் பூச்சிமருந்துக்கும் பொருந்தும் நெறி, பிள்ளை குடிக்கும் பானத்துக்குப் பொருந்தாதா?

வெளியுலகம் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உணவுத் தகவல் சட்டம், பொருள் விற்கப்படும் நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் கட்டாயத் தகவல்கள் இருக்கவேண்டும் என்கிறது. கனடா நாட்டிலே ஆங்கிலமும் பிரெஞ்சும் அருகருகே நிற்கின்றன. அங்கெல்லாம் வணிகம் நொடித்துப் போய்விட்டதா?

"மாநிலத்துக்கு ஒரு மொழியென்றால் செலவு கூடும், சிறு பொட்டலத்தில் இடம் ஏது?" என்பார்கள். ஆசை வாசகத்தைத் தமிழில் அச்சிடும்போது மட்டும் இடம் எங்கிருந்து வந்தது? மாநிலத்துக்கு மாநிலம் மொழி மாற்றி விளம்பரம் செய்யும்போது கூடாத செலவு, எச்சரிக்கையை மாற்றும்போது மட்டும் கூடிவிடுமா? அச்சுத் தொழிலின் தலைநகரான சிவகாசி, குற்றாலத்திலிருந்து ஒரு காலைப் பயணத் தொலைவில் இருக்கிறது. எம்மொழி எழுத்தையும் அச்சிட்டுத் தரும் திறன் அங்கே இருக்கிறது. வேண்டியது மனம், அதைவிட வேண்டியது சட்டம்.

இங்கே நம்மையும் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கோ இருக்கும் பெருமுதலாளி மட்டுந்தானா குற்றவாளி? பாகைக் காய்ச்சி மலைத்தேன் என்று விற்பவன் பேசுவது எந்த மொழி? சாதாரண எண்ணெயில் பச்சை நிறம் கலந்து மூலிகைத் தைலம் என்பவன் எந்த ஊரான்? நம் மொழியிலேயே நம்மவரை ஏய்ப்பவன் நம்மவன் ஆகமாட்டான். தமிழில் எழுதிவிட்டால் பொய் மெய்யாகிவிடாது. ஆனால் சேர்மானமும் செய்தவன் முகவரியும் எச்சரிக்கையும் தமிழில் இருந்தால், பொய்யைப் பிடிக்கும் கை ஆயிரம் ஆகும். இன்று அந்தக் கை ஆங்கிலம் அறிந்த சிலருடையது. நாளை அது ஊராருடையது.

பொதியின்மேல் எழுதுவது தமிழனுக்குப் புதிதா? புகார் நகரத்துப் பண்டசாலையிலே குவிந்து கிடந்த பொதிகளின்மேல், உரியவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அந்த எழுத்துக்குக் கண்ணெழுத்து என்று பெயரே இருந்தது! தென்காசிக் கோயிலுக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: 15-ஆம் நூற்றாண்டிலே அதனை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இதைக் காப்பவர்களை வணங்குகிறேன் என்று தன் வேண்டுகோளைத் தமிழ்ப் பாட்டாகவே கல்லில் பொறித்துச் சென்றான். மணிமுடி தரித்தவனுக்கே, மக்களிடம் பேச மக்கள் மொழி வேண்டியிருந்தது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் விற்பவனுக்கு மட்டும் வேண்டாமா?

குற்றாலத்திலிருந்து சிறிது தொலைவிலே செங்கோட்டை இருக்கிறது. இங்கே வாழ்வோர் பேசுவது தமிழ் என்ற காரணத்துக்காகவே, 1956 நவம்பர் முதல் நாள் அது தமிழகத்தோடு இணைந்தது. மொழி பார்த்து மண்ணைப் பிரித்த நாட்டிலே, மொழி பாராமல் மருந்தைக் கொடுப்பது என்ன முறை?

ஆகவே தோழரே, நாம் கேட்பது மிகுதியன்று. மேலே கூறிய இரு விதிகளிலும், மருந்துக்கான விதிகளிலும், பொருள் விற்கப்படும் மாநிலத்தின் ஆட்சிமொழி கட்டாயம் இடம்பெற வேண்டும். முகப்பு எந்த மொழியோ, எச்சரிக்கையும் அதே மொழி. கண்ணுக்குத் தெரியும் அளவு. உறையைத் திறக்கும் வழி, உறையிலேயே இருக்கவேண்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் இதைப் பேசட்டும்.

அதுவரை நாம் கைகட்டி நிற்கலாமா? கிளைதோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு மாலை, அக்கம்பக்கத்தார் வீட்டிலிருக்கும் மருந்தையும் பானத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்புறத்தில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். எடை குறைந்திருந்தால், பொய் எழுதியிருந்தால், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தெரிவியுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமிருக்கிறது. சட்டத்தின் பல் கூர்மையானதுதான். கடிக்கச் சொல்லும் குரல்தான் வேண்டும்.

அடுத்த சாரலிலும் அந்தப் பெரியவர் வருவார். முட்டுவலி மூன்று நாளில் போயிருக்காது. அதை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். இன்னொரு புட்டி வாங்குவார். அதைத் திருப்பிப் பார்க்கும்போது, பின்னால் உள்ளதும் நமக்குத்தான் என்று அவர் சொல்லும்படி செய்யவேண்டும். அதுவரை, அருகில் இருக்கும் ஒவ்வொரு தோழரும் அவருக்குப் படித்துச் சொல்லும் கண்ணாக இருப்போம்!